வீசை

ரங்கூன், பயின்னவுங் சந்தையில், காலை ஏழு மணிக்கு
உளுந்தின் விலை பலகையில் ஏறும்.
ஏறியதை மூன்று இடத்தில் வைத்துக்கொள்வேன்:
பேரேட்டில், கைபேசியில்,
சென்னைக்காரர் கேட்டால் உடனே சொல்ல
நாக்கு நுனியில்.
உங்கள் இட்லி வெள்ளையாக வருவதில்
எனக்கும் ஒரு சிறு பங்குண்டு.
நன்றி வேண்டாம். சம்பளம் வருகிறது.

பர்மாக்காரர் எடைக்கு வேறு பேர் சொல்வார்கள்.
எங்கள் கிட்டங்கியில் இன்னும் வீசைதான்;
ஊரில் நீங்கள் கிலோவுக்கு மாற்றிவிட்ட சொல்.
மூட்டைக்கு முப்பது வீசை.
நெடில் ஒன்று குறுகினால் விசை.
பிரம்புப் பந்துக்கு அதுதான் உயிர்.

சின்லோன் பார்த்திருக்கிறீர்களா?
ஆறு பேர், ஒரு வட்டம். கை படக்கூடாது.
முழங்கால், குதிகால், பாதத்தின் உள்விளிம்பு.
எதிரணி கிடையாது. புள்ளி கிடையாது.
தோற்க ஆளில்லாததால் ஜெயிக்கவும் வழியில்லை.
பந்து தரையைத் தொடும்வரை
ஆறு பேருக்கும் ஒரே மூச்சு, அவ்வளவுதான்.
எண்ண எதுவுமே இல்லாத ஆட்டத்தில்
எண் படிக்கும் முன்பே விழுந்தவள் நான்.

கோதண்டமும் எங்கள் சந்துதான்.
அடையாள அட்டை எழுதியவர் சோம்பல்பட்டுக்
'கோ தான்' என்று நிறுத்திவிட,
அவனும் அப்படியே ஆகிவிட்டான்.
எனக்கு வாய்த்த எழுத்தர் சுறுசுறுப்பு.
தில்லைவல்லி, ஓர் எழுத்தும் குறையாமல் இருக்கிறேன்.

ஓர் ஆடி மாதம் மண்டலேயிலிருந்து குழுக்காரர் வந்தார்.
என் காலை ஒரு மணி நேரம் பார்த்தார்,
முகத்தை ஒருமுறைகூட இல்லை.
ஒற்றையாட்டம் பெண்ணுக்கு உரியது என்றார்.
புட்டிகளின் மேல் நின்று, சைங் மேளத்தின் அடிக்கு அடி
பந்தை மேலே வைத்திருக்க வேண்டும்.
சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு.
கூலி, திருவிழாவைப் பொறுத்தது.

அதே வாரம் முதலாளி ராவுத்தர்
கணக்குப்பிள்ளை நாற்காலியைக் காட்டினார்.
மாதாமாதம். ஒன்றாம் தேதி.

யாரும் தடுக்கவில்லை. அம்மா அழவில்லை.
வீட்டில் யாருக்கும் நோயில்லை.
சொன்னால் கதை கெட்டுவிடும், ஆனாலும் சொல்கிறேன்:
எனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்றிருந்தது,
தாழ்ப்பாள் உள்பக்கம் வைத்து.

கோ தான் போனான்.
என் இடத்துக்கு அல்ல,
வட்டத்தில் ஆறாவது ஆளாக.

பதினோரு வருஷம்.
அவன் இடது முழங்காலில் இப்போது ஓர் ஆணி இருக்கிறது.
என்னிடம் ஓர் அறை, தாழ்ப்பாள், குளிர்பெட்டி,
இரண்டு நாற்காலி.

நேற்று மழையோடு கூப்பிட்டான்.
மருத்துவமனையில் மறுபடி பணம் கேட்கிறார்களாம்.
தொகையைச் சொன்னவன் அதோடு நிறுத்தவில்லை.
"மகாமுனியில் ஒரு தட்டு வந்தது வல்லி,
முதுகுக்குப் பின்னால், பார்க்கவே இல்லை,
பந்தே காலைத் தேடிக்கொண்டு வந்தது.
ஆணி வைத்த கால்!"
கடன் கேட்கிறவன் குரல் அப்படி இருக்காது.
எனக்கு வந்தது பொறாமையா, பரிதாபமா?
தராசு முள் ஆடிக்கொண்டே இருந்தது.
சந்தையில் இப்படி ஆடினால்
வியாபாரி அடுத்த கடைக்குப் போய்விடுவான்.

பணம் அனுப்பிவிட்டேன்.
இரவு என் சொந்த நோட்டைத் திறந்தேன்.
தேதி எழுதினேன். தொகை எழுதினேன்.
எந்தத் தலைப்பில்?
கடன் என்றால் திரும்ப வரவேண்டும்.
தானம் என்றால் சிரிப்பான்.
'சந்தா' என்று எழுதி, அடித்தேன்.
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.

மேசைக்கு அடியில் செருப்பு கழன்று கிடக்கிறது.
வலது பாதம் உள்விளிம்பைத் திருப்பி
எதற்கோ காத்திருக்கிறது.
நான் குனிந்து பார்க்கவில்லை.
பார்த்தால் நின்றுவிடும்.